பேரேட்டில் எழுதப்படாத கடன்கள்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், தோல் ஷாப்புகளில் கணக்கெழுதி ஓய்வுபெற்றோர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 



தொழில் வாழ்வில் கற்றுக்கொண்டவற்றை இளைய தலைமுறைக்கு எடுத்துரைக்குமாறு நிர்வாகக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சிட்டையும் பேரேடும் எழுதிக் காலம் கழித்தவர்களில் நம் மஹல்லாவில் இன்று நால்வரே எஞ்சியுள்ளோம். மூன்று நாட்கள் அஸருக்குப் பின் பள்ளியின் வராந்தாவில் அமர்ந்து பேசி இதனை எழுதினோம். வாசிப்பவர் ஒருவர், பேச்சு நால்வருடையது. மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை. கூட்டலும் கழித்தலுமே பழக்கம். ஆதலால் அலங்காரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இளைஞர்களில் பலர் தோல் ஷாப்பின் வாசலையும் மிதித்திருக்க மாட்டீர்கள். தொழிலைப் பற்றிச் சிறிது கூறிவிட்டு மேலே செல்கின்றோம். உரித்த தோல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். அதனைக் காக்க, தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்கு உப்புத் தடவி அடுக்குவார்கள். அப்படி வந்து சேரும் உப்புத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் நீக்கி, உட்புறச் சதையைக் கத்தியால் வழித்து, பின்னர் பட்டைச் சாற்றில் பதனிடுவார்கள். முற்காலத்தில் ஆவாரம் பட்டை. பின்னாளில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வேட்டில் பட்டை. முடிவில் கடுக்காய்த் தண்ணீர். குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாட்களில் முடிக்கும் வேலை பட்டையில் வாரக்கணக்கில் நடக்கும். இவ்வாறு பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று பெயர்.

கணக்கெழுதுபவன் கண்ணுக்கு இதில் தெரிவது வேறொன்று. சந்தையில் தோல் வாங்கும்போது ரொக்கம் கொடுக்க வேண்டும். பதனிட்டு முடியும்வரை அந்தப் பணம் குழியில் ஊறிக்கொண்டிருக்கும். சென்னைப் பெரியமேட்டு மண்டிக்குச் சரக்கு போனபின்னும் கையில் காசு வருவதில்லை. தவணைக் கடிதம்தான் வரும். எனவே எந்த ஷாப்பிலும் முதலாளியின் சொந்தப் பணம் சிறு பங்கே. மீதி முழுவதும் பிறருடைய பணம். மச்சான் சவூதியிலிருந்து அனுப்பிய சேமிப்பு, விதவைச் சகோதரியின் நகை விற்ற தொகை, மகள் கல்யாணத்துக்கென்று ஒருவர் ஒதுக்கி வைத்தது, சில வேளைகளில் மதரஸாவின் குர்பானித் தோல் ஏலப் பணம்கூட. 'சும்மா கிடப்பதைவிடத் தொழிலில் ஓடட்டும்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். துண்டுச் சீட்டும் இராது. கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும் என்ற கூச்சம்.

எங்கள் தொழில் வாழ்வில் நாங்கள் கண்ட துயரங்களில் பெரும்பாலானவை இந்தக் கூச்சத்திலிருந்து பிறந்தவை. மோசடி செய்தவர்கள் எங்கள் காலத்தில் மிகச் சிலர். எழுதாமல் விட்ட நல்லவர்கள்தாம் ஏராளம்.

ஒரு கூட்டுத் தொழிலைப் பற்றிக் கூறுகின்றோம். பெயர்கள் வேண்டாம். மாமனும் மச்சானும் சேர்ந்து 22 ஆண்டுகள் ஷாப்பு நடத்தினார்கள். ஒரே தட்டில் உண்டவர்கள். கூட்டு ஒப்பந்தம் எழுதவில்லை. நிலம் ஒருவர் பெயரில், வங்கிக் கணக்கு மற்றவர் பெயரில், வீட்டுச் செலவு இருவருக்கும் ஒரே பெட்டியிலிருந்து. 'பங்குக் கணக்கு எப்படி எழுதுவது?' என்று எங்களில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஐந்தொகை போடும்போது கேட்பார். 'எங்களுக்குள் என்ன கணக்கு?' என்று சிரிப்பார்கள். ஒருநாள் மச்சான் மாரடைப்பில் வஃபாத்தானார். இத்தா முடிந்தபின் அவர் மனைவி பாதிப் பங்கைக் கேட்டார். மூத்த பெண்கள் இருவரின் கல்யாணத்துக்கும் மச்சான் எடுத்த பணம் பங்கில் கழிய வேண்டும் என்றார் மாமன். அது அன்பளிப்பாகக் கொடுத்தது என்றார் அம்மையார். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதே எங்கள் கருத்து. ஆளுக்கொரு நினைவு, அவ்வளவுதான். ஜமாஅத்துப் பெரியவர்கள் ஏழு வெள்ளிக்கிழமைகள் அமர்ந்தார்கள். பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பேரேட்டில் 'வீட்டுச் செலவு' என்று மட்டும் இருந்தது. எந்த வீட்டுச் செலவு என்று இல்லை. ஒருவாறு தீர்ப்பாகிப் பணம் கைமாறியது. ஆயினும் பேசி வைத்திருந்த ஒரு நிக்காஹ் முறிந்தது. அவ்விரு குடும்பத்துப் பிள்ளைகளும் பெருநாள் தொழுகையில் வெவ்வேறு வாசல் வழியாக வெளியேறுவதை இன்றும் காண்கின்றோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதனையும் தெரிந்துகொள்ளுங்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் ஒரு கூட்டாளியின் மரணத்தோடு கூட்டுக் கலைந்துவிடுகிறது. பதிவு செய்யப்படாத கூட்டாக இருந்தால், ஒப்பந்த உரிமையைக் கேட்டுக் கூட்டாளியின் மீது வழக்குத் தொடுக்க இயலாது. கலைந்த கூட்டுக்குக் கணக்குக் கேட்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. கணக்கு எழுதப்பட்டிருந்தால்தானே கேட்பது! புரோநோட்டும் அவ்வாறே. கேட்டபோது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகளே ஆயுள். அதற்குள் ஒரு சிறு தொகையேனும் வரவு வைத்து, கடன்பட்டவர் கையொப்பம் இட்டால் அந்நாளிலிருந்து மீண்டும் காலம் கணக்கிடப்படும். இதனை அறியாமல், முகதாட்சண்யத்துக்காக மூன்றாம் ஆண்டைக் கடக்கவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு.

ஆனால் நோட்டுக் காலாவதியானால் கடனும் காலாவதியாகிவிட்டது என்று ஒரு முஸ்லிம் எண்ணலாகாது. காலாவதியாவது வழக்குத் தொடுக்கும் உரிமை. கடன் நிற்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் என்பது ஆலிம்கள் அடிக்கடி எடுத்துரைக்கும் செய்தி. அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று; கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறு தொகையாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்பதும் அதில் அடக்கம். இதன் விளக்கத்தை ஹஜ்ரத் அவர்கள் சொல்வதே முறை. கணக்கெழுதிப் பிழைத்தவர்கள் என்ற முறையில், எங்கள் கூலித் தொழிலுக்கு இத்தனை பெரிய இடம் வேதத்தில் இருப்பதனை எண்ணி நாங்கள் பெருமிதம் கொண்டதுண்டு. அதை மட்டும் சொல்லிக்கொள்கின்றோம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் நம் பள்ளியில் ஓர் அறிவிப்புச் செய்கின்றோம். மய்யித்தின் மகனோ சகோதரரோ முன்னே நின்று, 'எங்கள் அத்தா யாருக்கேனும் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பொறுப்பு' என்பார். நல்ல வழக்கம். ஆயினும் எத்தனை ஜனாஸாவில் ஒருவரேனும் முன்வரக் கண்டிருக்கின்றோம்? துக்க வீட்டில் கணக்குப் பேசுவதா என்று கொடுத்தவர் தயங்குவார். நாற்பதாம் நாளுக்குப் பின் வாய்திறப்பார். அதற்குள் 'ஆதாரம் என்ன?' என்று கேட்கப் பழகிவிடுவார்கள் பிள்ளைகள். சொத்தைப் பிரிக்கும் வரிசை நாம் யாவரும் அறிந்ததே. அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியதே வாரிசுகளுக்கு. நடைமுறையில் நான்காவது முதலில் நடந்துவிடுகிறது. கொடுக்கப்படாத மஹரும் கணவன் மீதுள்ள கடன்தான் என்பதனை எத்தனை வீடுகளில் நினைக்கிறார்கள்? நிக்காஹ் தஃப்தரில் மஹர் பாக்கி என்று எழுதப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த அம்மாள் தன் மகன்களின் கையை எதிர்பார்த்து அமர்ந்திருப்பார். தம் கணவரின் சொத்தில் முதல் கடன்காரர் தாமே என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தொழிலாளர்களைப் பற்றி ஒரு சொல். வருங்கால வைப்பு நிதிப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களும் உண்டு, ஏறாதவர்களும் உண்டு. 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி கணக்கில் இருத்தல் வேண்டும். சுண்ணாம்புக் குழியில் 30 ஆண்டுகள் நின்று கால்விரல்கள் வெந்த மனிதருக்குப் பதிவேட்டில் 6 ஆண்டுகள் மட்டும் இருந்ததனை நாங்கள் பார்த்திருக்கின்றோம். அவர் சம்பளம் வாங்கினார். கையெழுத்து வேறு நோட்டில் இருந்தது. உங்களில் கடை, பட்டறை, உணவகம் நடத்துவோர், வேலைக்கு வந்த பையனின் பெயரை வந்த மாதமே பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்பது முதலாளிக்கு ஒரு சொல். வேலை செய்பவனுக்கு அது முதுமை.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மடிந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அச்செய்தியைப் படித்த அன்று எங்களில் எவரும் சரியாக உண்ணவில்லை. மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் எழும் நச்சுக் காற்று முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. குழிக்குள் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது அதனால்தான். இதனை அறியாதவர்களாகவே எத்தனையோ பேர் குழிக்குள் இறக்கப்பட்டார்கள்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லாமல் விட்டால் இந்த உரை அரைக் கணக்காகிவிடும்.

நாங்கள் எழுதிய பேரேடுகளில் பட்டைக்கு ஒரு பக்கம், சுண்ணாம்புக்கு ஒரு பக்கம், உப்புக்கு, வண்டி வாடகைக்கு, வட்டமேசைத் தேநீருக்குக்கூடப் பக்கம் உண்டு. தண்ணீருக்குப் பக்கம் இருந்ததில்லை. கிணறு சொந்தம், மின்சாரக் கட்டணத்தோடு செலவு முடிந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் படித்தோம். அவ்வளவும் உப்பும் சுண்ணாம்பும் சுமந்துகொண்டு வெளியேறியது. எங்கே போயிற்று என்பது எந்த ஷாப்பின் கணக்கிலும் இல்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991-ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. வழக்கு வேலூரில் பிறந்தாலும் தீர்ப்பு நம் மாவட்டத்தையும் சேர்த்தே பேசியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், 467 கிணறுகளில் 350 மாசுபட்டுவிட்டன என்ற விவரம் அத்தீர்ப்பில் இருக்கிறது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி செய்யாதவை மூடப்பட வேண்டும். மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதெல்லாம் ஆணை.

அன்று நம் தெருக்களில் எழுந்த குமுறல் இன்றும் காதில் நிற்கிறது. நம் சமுதாயத்தின் தொழிலைக் குறிவைத்து அழிக்கிறார்கள் என்றார்கள். தோல் வணிகர்கள் எழுப்பிய கல்லூரிகளை எண்ணிப் பாருங்கள், திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எந்தப் பணத்தில் வந்தன என்று கேட்டார்கள். அந்தப் பெருமை உண்மையே. அதில் ஓர் அணுவும் குறையாது. ஆனால் குடகனாற்றுக் கரையில் கிணறு உப்பாகிப்போன விவசாயிக்குக் கல்லூரி பதிலாகாது. அவர் நமக்குக் கடன் கொடுத்தவர். கேட்காமலே எடுக்கப்பட்ட கடன் அது. ஹக்குல் இபாத் என்று ஹஜ்ரத் அவர்கள் ஜும்ஆ பயானில் சொல்வது நம் மஹல்லாவுக்குள் மட்டும் செல்லுபடியாவதன்று. அந்த விவசாயி நம் பள்ளிக்கு வருபவராக இருக்க வேண்டியதில்லை.

நுட்பமான ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். குரோமியத்தைக் கழிவிலிருந்து பிரித்து மீண்டும் பயன்படுத்த வழி இருக்கிறது. பட்டைக் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு ஓரளவு சீராக்கலாம். சாதாரண உப்புக்குத்தான் எளிய வழியில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மற்ற மாசு குறைந்தாலும் உப்பு தண்ணீரோடு வெளியே போய்விடும். அதனைப் பிரிக்கச் சவ்வூடு முறை வேண்டும்; பின் நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய வேண்டும்; அதன்பின்னும் எவருக்கும் வேண்டாத உப்புக் குவியல் மிஞ்சும். தோலைக் கெடாமல் காக்க மலிவென்று தடவியது, முடிவில் எல்லாவற்றினும் விலை கூடியதாயிற்று. எங்கள் பேரேட்டில் உப்பின் பக்கம்தான் எப்போதும் மிகச் சிறியது.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக, பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தீர்ப்பளித்திருக்கிறது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு சென்று சேர வேண்டும், சீர்கேடு சரிசெய்யப்படும்வரை மாசுபடுத்தியோரின் பொறுப்பு நீங்காது என்பது அதன் சாரம். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். இழப்பீட்டை எதிர்பார்த்தவர்களில் எத்தனையோ பேர் இதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள். புரோநோட்டுக்கு 3 ஆண்டு. இந்தக் கடனுக்கு அப்படிக் கெடு வைக்க நீதிமன்றமே ஒப்பவில்லை.

சந்தை ஏற்ற இறக்கம் பற்றியும் பேசுமாறு ஒரு தம்பி கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொல்கின்றோம். 1970-களின் முற்பகுதியில் அரை பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபோதும், 1989 இறுதியில் பூஞ்சைக் கொல்லியான பி.சி.பி.யை ஜெர்மனி தடைசெய்தபோதும், பின்னர் அசோ சாயங்கள் சில தடைசெய்யப்பட்டபோதும் 'தொழில் முடிந்தது' என்றே எல்லோரும் சொன்னார்கள். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று மாற்று மருந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் தொடர்ந்தார்கள். சங்கத்தில் அமர்ந்து ஜெர்மனியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் பூட்டினார்கள். இன்று குர்பானித் தோல் விலை வீழ்ந்து மதரஸாக்கள் வருமானமின்றித் தவிப்பது உங்களுக்கே தெரியும். அதற்கு எங்களிடம் மருந்தில்லை. மதரஸாச் செலவைத் தோலை நம்பித் திட்டமிடாதீர்கள், மாதச் சந்தாவை நம்புங்கள் என்று மட்டும் கூறுவோம்.

இப்போது ஒரு வேண்டுகோள். இதற்கு நிர்வாகக் குழு நேற்றே இசைவு தந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஜமாஅத் அலுவலகத்தில் ஓர் இரும்புப் பெட்டி வைக்கப்படுகிறது. உங்கள் கொடுக்கல் வாங்கல், பாக்கி மஹர், பிறர் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம், கூட்டுத் தொழிலில் உங்கள் பங்கு, வஸிய்யத் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகள் கையொப்பமிட்டு, உறையிலிட்டு ஒட்டி அதில் வைக்கலாம். உறையின்மேல் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். நீங்கள் உயிரோடிருக்கும்வரை உங்களையன்றி எவரும் திறக்க இயலாது. முத்தவல்லியிடம் ஒரு சாவியும் செயலாளரிடம் மற்றொரு சாவியும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். ஒவ்வொரு ரமலானுக்கும் முன் பழைய உறையை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியது வைக்கலாம். பதிவு செய்ய வேண்டிய பத்திரங்களுக்கு இது மாற்றாகாது. கூட்டு ஒப்பந்தத்தையும் நிலத்தையும் பதிவு அலுவலகத்தில்தான் பதிய வேண்டும்.

எப்படி எழுதுவது என்று தெரியாதவர்களுக்காக, இன்ஷா அல்லாஹ், வருகின்ற வெள்ளி முதல் அஸருக்குப் பின் நாங்கள் நால்வரும் அலுவலகத்தில் அமர்ந்திருப்போம். பெண்களுக்காக மதரஸாவின் மேல்மாடியில் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஏற்பாடு ஆகியிருக்கிறது. ஆலிமா ஒருவர் உடனிருப்பார். எழுதுவது உங்கள் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். நாங்கள் படித்துப் பார்க்க மாட்டோம், கேட்டால் மட்டும் விளக்குவோம். எங்கள் நால்வரின் உறைகளும் முதலில் உள்ளே போய்விட்டன. தாளும் உறையும் ஜமாஅத் தரும். அடையாள அட்டையின் நகல் ஒன்று கொண்டு வாருங்கள்.